பதினொன்றுக்குப் பதினொன்று

என்னைப் பார்த்து, இவள் விளக்குக் கணக்குப் போடுகிறவள் என்று பெங்களூரில் ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. கண்டோன்மெண்டில் சூலைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், வெள்ளைச் சேலை, காலில் செருப்பு, தோளில் தோல் பை என்றால் அந்தக் காலத்தில் மூன்றே பேர்தான். டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ், அதுவும் இல்லையென்றால் வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற பைபிள் அம்மா. மல்லேசுவரத்தில் ஒரு வீட்டுப் படியேறியபோதும் வீட்டு அம்மாள் கதவைப் பாதி திறந்து, "பாட்டெல்லாம் வேண்டாம்மா, போன வாரம்தான் ஒருத்தி வந்து படம் காட்டிட்டுப் போனா" என்று சொல்லி மூடப் போனார்.

"நான் கரண்ட் விளக்குக்கு அளவெடுக்க வந்திருக்கேன்மா."

அவர் என் தலைக்கு மேலே, என் பின்னால், தெருவரைக்கும் பார்த்தார். அளவெடுக்கிற ஆண்பிள்ளை எங்கே என்று தேடினார். எனக்கு மூக்கின் மேல்தான் கோபம் இருக்கும். ஆனால் கம்பெனி பெயரைச் சொல்லி வந்த இடம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனி என்றால் கண்டோன்மெண்ட் பெரிய தெருவில் இருந்த ஒரு வீட்டு அலங்காரக் கடை. திரைச்சீலை, சோபா, கம்பளம், மின்விளக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. என்னை எடுத்தது டைப் அடிக்க. விளக்குக் கணக்கு அப்போதெல்லாம் துரையின் கட்டைவிரலில் இருந்தது. அறை நடுவில் நின்று ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலைக் கூரைக்கு நேரே நீட்டுவார். பெரிய அறைக்குப் பெரிய விளக்கு, சின்ன அறைக்குச் சின்ன விளக்கு. இதைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் சீமையிலிருந்து வந்த பல்புப் பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அறைக்கு எத்தனை வெளிச்சம் வேண்டும் என்று கணக்குப் போடும் முறை அதில் இருந்தது. துரை இரண்டு பக்கம் புரட்டினார். பெருக்கல் வந்தது. புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் புத்தகம் சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்கு. அங்கே என்ன வேலை நடக்கிறதோ அதற்கு எத்தனை வெளிச்சம் வேண்டும் என்று அட்டவணையில் பார்த்து, அதனாலும் பெருக்கு. ஒரு மெழுகுவர்த்தியை ஓரடி தூரத்தில் வைத்தால் விழுகிற வெளிச்சம் ஒரு பங்கு. படிக்கப் பத்துப் பங்கு, தைக்க அதற்கும் மேலே. அப்புறம் சுவர் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்கும் என்று பார். சுண்ணாம்பு அடித்த சுவர் கொஞ்சமாக விழுங்கும், தேக்குப் பலகை நிறைய விழுங்கும், கரி பிடித்த அடுப்படிச் சுவர் கொடுத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு இன்னும் கொடு என்று கேட்கும். பல்பு நாளாக ஆக மங்கும், தூசி படியும், அதற்கும் ஒரு பங்கு சேர். கடைசியில் வருவதுதான் எத்தனை வாட், எத்தனை பல்பு, எங்கே தொங்கவேண்டும் என்பது.

அந்தப் புத்தகத்தில் ஒரு தப்பையும் நான் கண்டுபிடித்தேன். சொன்னால் பெருமை என்பார்கள், பெருமைதான். வெளிச்சத்தைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கணக்கிடு என்று அதில் போட்டிருந்தது. எழுதியவர் ஊரில் எல்லாரும் மேஜை போட்டு வேலை செய்கிறவர்கள். நம் ஊரில் மேஜைமேல் பூ ஜாடிதான் வேலை செய்யும். காய் நறுக்குவது, அரிசி பொறுக்குவது, தைப்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் தரையில். தரைவரைக்கும் அந்த இரண்டரை அடியையும் சேர்த்துக் கணக்கிட்டால் பல்பு பெரிதாகும். இதைத் துரையிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பல்பு பெரிதாகும் என்பது புரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இனிமேல் கணக்கை நீயே போடு என்று ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் அவருடையது. கூடவே, தப்பு வந்தால் மதராஸிலிருந்து ஓர் ஆளை வரவழைத்துவிடுவேன் என்றும் சொன்னார். அந்தப் பென்சிலை ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக்கூடப் பையில் எடுத்துக்கொண்டு போவேன், அவ்வளவு பைத்தியம்.

மல்லேசுவரத்து வீட்டுக்காரர் மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பம். மனைவியோடு தமிழ், தோட்டக்காரனோடு கன்னடம், செய்தித்தாளோடு இங்கிலீஷ். எண்கள் போட்டு டைப் அடித்த காகிதம் எதுவானாலும் நம்பிவிடுவார். நம்பாதது வீட்டு மனிதர்களைத்தான். என்னைக் கூடத்தில் நிற்கவைத்து, எதற்காகக் கூப்பிட்டார் என்பதைத் தீர்ப்பு வாசிப்பதுபோலச் சொன்னார்.

"இங்கே பாரம்மா. என் மாட்டுப்பொண் வந்து எட்டு மாசம் ஆறது. சாதத்திலே கல்லு. பாயசத்திலே உப்பு. ரசத்திலே என்னென்னமோ. இவள் அஜாக்கிரதைங்கறா என் ஆத்துக்காரி, அப்பா ஆத்துக்கே திருப்பி அனுப்பிடணும்னு நிக்கறா. நான் சொல்றேன், அடுப்படியிலே வெளிச்சம் போதாது. ரெண்டிலே எது நிஜம்னு தெரியணும். நீ சாஸ்திரப்படி கணக்குப் போட்டு விளக்கை வை. அதுக்கப்புறமும் கல்லு வந்தா, தப்பு விளக்குமேலே இல்லை."

"அப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்புறம் என்ன, வண்டி ஏத்தி விடவேண்டியதுதான்" என்று உள்ளேயிருந்து மாமியார் பதில் சொன்னார். மகன் அதே கூடத்தில்தான் செக்ரட்டேரியட்டுக்குப் போகத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். தலைப்பாகை மடிப்பைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனான்.

எனக்குத் திக்கென்றது. இதுவரைக்கும் என் கணக்கு சோபாவுக்கும் பியானோவுக்கும்தான் வெளிச்சம் போட்டிருக்கிறது. ஒரு பெண் புருஷன் வீட்டில் இருப்பதா போவதா என்று முடிவு கட்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், திக்கென்றதற்கு அடியில் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. என் கணக்கைச் சாஸ்திரம் என்று ஒரு பெரிய மனுஷன் சொல்லிவிட்டாரே.

அடுப்படியை அளக்கப் போனால் நான் அடுப்படிக்குள் போகக் கூடாது. கிறிஸ்தவப் பெண் கால் வைத்தால் மடி போய்விடும், கழுவிவிட வேண்டும். நடைபாதையில், வாசற்படிக்கு ஐந்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். "விளக்கை மாட்ட எங்க ஆள் உள்ளே போகணுமே" என்றேன். "அன்னிக்கு ஒரு நாள் கழுவிக்கறோம். ரெண்டு நாள் எதுக்குக் கழுவணும்?" என்றார் மாமியார். அதுவும் ஒரு கணக்குதான். நான் என்ன சொல்ல முடியும்?

அளவு நாடாவைத் தரையில் வைத்துவிட்டு நான் விலகிக்கொண்டேன். தோல் உறைக்குள் சுருண்டிருக்கும் துணி நாடா அது. மாமியார் அதன்மேல் தண்ணீர் தெளித்தார். உள்ளேயிருந்து ஒரு கை அதை எடுத்தது. அந்த மருமகளின் கையையும் வளையலையும்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. பட்டப்பகலில் அந்த அடுப்படி அப்படி ஓர் இருட்டு. வாசற்படி வழியாக ஒரு கீற்றுத் தரையும் விறகு அடுக்கும் தெரிந்தன, அவ்வளவுதான்.

"நாடா நுனியிலே வளையம் இருக்குல்ல, அதை இந்தச் சுவரோரமா வெச்சு, மேலே ஏதாவது கனமா வையிம்மா. அப்புறம் எதிர்ச் சுவர் வரைக்கும் இழுத்துட்டுப் போய், என்ன நம்பர்னு சொல்லு."

உலக்கை உருளும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் தூரம் போயிற்று. அப்புறம் நெடுநேரம் சத்தமே இல்லை.

"பதினொண்ணு, டீச்சர்."

டீச்சர் என்று எனக்குப் பட்டம் கட்டியாகிவிட்டது, போகட்டும். "அகலம்?"

மறுபடியும் அதே மௌனம். "அதுவும் பதினொண்ணுதான்."

பதினொன்றுக்குப் பதினொன்று. சதுரமான அறை. சதுரம் வந்தால் கணக்குப் போடுகிறவளுக்குக் கொண்டாட்டம், விளக்கை நட்டநடுவில் தொங்கவிட்டால் முடிந்தது. வீட்டைச் சுற்றிப் போய்க் கொல்லைப்பக்கச் சுவரை ஒருதரம் நடந்து பார்த்திருந்தால் போதும், குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் பார்க்கவில்லை. மனதுக்குள் பெருக்கிக்கொண்டே ஜட்கா வண்டி ஏறிவிட்டேன். அறுபது வாட் பல்பு ஒன்று, வாசற்படிச் சுவரிலிருந்து ஐந்தரை அடியில், என்று டைப் அடித்தேன். துரை கையெழுத்துப் போட்டார். கூடத்துக்கு வீட்டுக்காரர் கேட்டிருந்த ஐந்து கிளை விளக்குக்குத் தனிக் காகிதம். அந்தக் கூடத்தில் சாயங்காலம் அவர் ஒருவர்தான் உட்காருவார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

விளக்கு மாட்டி மூன்று வாரத்தில் துரைக்குக் கடிதம் வந்தது. வெளிச்சம் வந்த பிறகும் கல் நின்றபாடில்லை. அடுப்படியில் போட்ட கணக்கு சரியானதுதான் என்று கம்பெனி எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும், அதன்பேரில் குடும்பத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தார்.

துரை கடிதத்தை என் முன்னால் போட்டார். கணக்கு சரி என்றால் சரி என்று அடி, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தப்பு என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் என் பென்சிலைப் பார்த்தார்.

என் புத்தி அப்போது எப்படிப் போயிற்று என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கணக்கு சரி என்று அடிக்கத்தான் காகிதத்தை மெஷினில் மாட்டினேன். இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தாயிற்று. தண்ணீர் தெளித்ததில் துணி நாடா சுருங்கியிருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டு, கடையில் இருந்த இரும்புக்கோலோடு ஒத்துப் பார்த்தேன். கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை. என் கணக்கில் ஓட்டையில்லை என்றால் அந்தப் பெண்ணின் தலையெழுத்துக்கு நான் என்ன செய்வேன் என்று நினைத்து, கணக்கு சரிதான் என ஒரு வரி அடித்தும்விட்டேன். அந்த நேரத்தில்தான் எங்கள் வயர்மேன் கம்பிச் சுருளை வைக்க உள்ளே வந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர், அப்பா வயசு. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அந்த அய்யர் வூட்டு அடுப்படியா? அது சதுரம் இல்லியேம்மா. நீட்டா ரயில் பொட்டி மாதிரி போவுது. அடுப்பு அந்தக் கோடியில இருக்கு. வௌக்கு இந்தப் பக்கமா தொங்குது."

"அப்ப ஏன் அங்கே மாட்டினீங்க?"

"பேப்பர்ல அஞ்சரை அடின்னு எழுதியிருந்துச்சு, மாட்டினேன். தொரை கையெழுத்து வேற. கேட்டா பேஜார்தானேன்னு வுட்டுட்டேன்."

எனக்குத் தலைகால் தெரியாத கோபம் வந்தது. அந்த மருமகள் நாடாவைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. மாமியார் சொல்வது சரிதான், அஜாக்கிரதைப் பிண்டம். அவளால் என் பென்சில் போகப் பார்க்கிறது. அவள் வாயாலேயே சரியான எண்ணை எல்லார் முன்னிலும் சொல்லவைத்து, தப்பு யாருடையது என்று நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

நல்லவேளை, எல்லாரும் முன்னிலையில் இல்லை. வீட்டுக்காரர் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார், மகன் ஆபீசில். மாமியார் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் நடைபாதையில் என் பழைய இடத்தில் நின்று நாடாவைத் தரையில் வைத்தேன்.

"இந்தத் தடவை வளையத்தை அடுப்புச் சுவர்ல வெச்சுட்டு, என் பக்கமா வந்து படி. நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றேன். குரலில் இருந்த காரம் எனக்கே உறைத்தது.

உலக்கை உருண்டது. அவள் நாடாவை இழுத்துக்கொண்டு வாசற்படிச் சுவருக்கு வந்தாள். நான் மாட்டச் சொன்ன அறுபது வாட் வெளிச்சம் நேராக அவள்மேல் விழுந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். பதினேழு வயது இருக்கும். நாடாவை இமையில் இடிக்கும்படி கிட்டே கொண்டுபோனாள். பிறகு கையை முழுக்க நீட்டித் தூரப் பிடித்தாள். தலையைச் சாய்த்தாள். விரலால் எண்ணைத் தடவினாள், தடவினால் தெரிந்துவிடும் என்பதுபோல.

"பதினொண்ணு, டீச்சர்."

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நாடாவில் ஒவ்வோர் அடிக்கும் சிவப்பில் பெரிதாக எண் போட்டிருக்கும். பதினேழு.

"என் கையில எத்தனை விரல் நீட்டியிருக்கேன், சொல்லு."

"மூணு."

நான் விரலே நீட்டவில்லை. கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாடா கையிலிருந்து நழுவி விழுந்தது. கொல்லைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"சொல்லிடாதீங்கோ டீச்சர். கிட்டே வர வர எல்லாம் கரைஞ்சு போறது. தூரத்திலேயும் மங்கல்தான். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். பொண் பார்க்க வந்தப்போ பாடச் சொன்னா, பாடினேன். படிக்கச் சொல்லலை. எங்கப்பா வாயைத் திறக்காதேன்னு சொல்லி அனுப்பினார். அஜாக்கிரதைன்னா திட்டிண்டாவது வெச்சுப்பா. கண்ணே தெரியாதுன்னா, ஏமாத்திட்டான்னு சொல்லி அன்னிக்கே அனுப்பிச்சுடுவா. எனக்குப் பின்னாலே ரெண்டு தங்கை இருக்கா."

முந்தின நாள் நான் டைப் அடித்த அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. வெளிச்சம் அறைக்கு எத்தனை வேண்டும், சுவர் எத்தனை விழுங்கும், தூசி எத்தனை மறைக்கும் என்று எல்லாவற்றுக்கும் பங்கு வைத்த புத்தகம். பார்க்கிற கண் எப்படி இருக்கிறது என்று ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பெரிய மேதாவி!

ஜட்காவில் திரும்பி வரும்போது யோசித்தேன். கணக்கு சரி என்று எழுதினால் இவள் போய்விடுவாள். அளவைத் தப்பாகச் சொன்னது மருமகள் என்று எழுதினால், ஏன் தப்பாகச் சொன்னாள் என்று கேட்பார்கள், அப்போதும் போய்விடுவாள். என் தப்பு என்று ஒத்துக்கொண்டு நூறு வாட் பல்பை அறை நடுவில் மாட்டினால் மூன்று வாரம் தப்புவாள். அதன் பிறகும் கல் வரும், ஏனென்றால் சூரியனையே கொண்டுவந்து அந்தக் கூரையில் தொங்கவிட்டாலும் அவளுக்குக் கல் தெரியாது. அவளுக்கு வேண்டியது ஒரு மூக்குக்கண்ணாடி. மருமகளுக்குக் கண்ணாடி என்றால் அந்த வீட்டில் குடி முழுகிப்போகும்.

மையோ ஹால் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அன்று மத்தியானம் நான் டைப் அடித்த கடிதத்தைப்போல ஒரு பொய்யை என் வாழ்நாளில் சொன்னதில்லை. சொன்ன பொய்களிலேயே அதில்தான் எண்கள் அதிகம். முதல் பாரா உண்மை: அறையின் நீளத்தைக் கணக்காளர் தவறாக எடுத்துக்கொண்டுவிட்டார், அறுபது வாட் போதாது, நூறு வாட் தேவை, விளக்கு அறையின் மையத்துக்கு மாறவேண்டும், கம்பெனி வருந்துகிறது. இரண்டாவது பாராவில் ஆரம்பித்தேன். தரையில் அமர்ந்து வேலை செய்யும் வழக்கமுள்ள வீடுகளில், இவ்வளவு வாட் விளக்கின் ஒளி வெண்கலப் பாத்திரங்களில் பட்டு எதிரடித்து, இன்ன கோணத்தில் கண்ணில் விழுகிறது. ஆகவே அதன் கீழ் வேலை செய்வோர் கண்ணாடி அணிவது இந்தக் கணக்கின் ஒரு பகுதியாகும். ஒவ்வொருவர் உயரமும் விளக்கிலிருந்து அவர் இருக்கும் தூரமும் வேறுபடுவதால் கண்ணாடிக் கடையில் தனித்தனியே எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துச் சோதித்து வாங்க வேண்டும். கண்ணாடி அணியாத நிலையில் விளக்குப் போதுமா போதாதா என்று கம்பெனி உறுதி கூற இயலாது. கீழே ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். கடைசியில் ஒரு பட்டியல்: பல்பு, நூறு வாட், ஒன்று. கண்ணாடி, இரண்டு.

இரண்டு என்று ஏன் போட்டேன் என்றால், ஒன்று என்று போட்டால் அது மருமகளுக்கு, இரண்டு என்று போட்டால் அது அடுப்படிக்கு.

துரை முதல் பாராவைப் படித்ததும் முகம் சிவந்தார். ஆறடி தப்பு என்றால் அது கணக்கா என்று கேட்டார். யார் அளந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அளக்கும்போது நாடாவைச் சரியாகப் பார்க்கவில்லையா, கண் தெரியாதா என்றார். தெரியவில்லை துரை என்றேன். இரண்டாவது பாராவில் பெருக்கல் இருந்ததால் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பென்சிலை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அன்றே மதராஸுக்குத் தந்தி போயிற்று.

அந்தக் கடிதத்தை வீட்டுக்காரர் கூடத்தில் ஐந்து கிளை விளக்கையும் போட்டுக்கொண்டு மூன்று தடவை உரக்கப் படித்தாராம். விளக்கை மாற்றி மாட்டப் போயிருந்த எங்கள் வயர்மேன் வந்து நடித்தே காட்டினார்.

"அந்தம்மா சொல்றாங்க, 'கண்ணாடி போட்ட மாட்டுப்பொண்ணா? ஊரே சிரிக்கும்'னு. பெரியவரு சொல்றாரு, 'நீயுந்தாண்டி போட்டுக்கணும். கணக்கிலே ரெண்டுன்னு இருக்கு. இல்லேன்னா கம்பெனி கேரண்டி கெடையாது'ன்னு!"

இருவரையும் வண்டியில் ஏற்றி, வீட்டுக்காரரே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

ஒரு மாதம் கழித்துத் துரை என்னை மறுபடி அந்த வீட்டுக்கு அனுப்பினார். மதராஸ் ஆள் வந்து சேர்ந்திருந்தார். பழைய அளவுகளை நம்ப மாட்டேன், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்நிய ஆண்பிள்ளை போய் மருமகளிடம் அளவு கேட்பதென்றால் மாமியார் நடைபாதைவரைக்கும்கூட விடமாட்டார் என்பதால், கடைசித் தடவையாக நாடா என் கைக்கு வந்தது. இனி நான் வெறும் டைப்பிஸ்ட். மூன்று வருஷம் அந்த நாடாவோடு இந்த ஊரின் நல்ல வீடுகளையெல்லாம் அளந்தவள்.

கதவைத் திறந்த மாமியாரின் மூக்கில் தங்க விளிம்புக் கண்ணாடி. என்னை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார்.

"உன் சேலை ஓரத்திலே தையல் விட்டிருக்கு பார். கரண்டுக்குக் கண்ணாடி போட்டதிலேருந்து எனக்குச் சுவாமி முகமே தெளிவாத் தெரியறது. கரண்டு இல்லாத நேரத்திலேகூடத் தெரியறது. அதுதான் எப்படின்னு புரியலை."

"அது கணக்குல வர்றதும்மா" என்றேன்.

"கல்லும் நின்னு போச்சு. இவர் சொன்னதுதான் நிஜம், வெளிச்சம்தான் போறலை. பாவம், இந்தப் பொண்ணை நான் என்னவெல்லாம் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாவத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் கொல்லைப்பக்கம் போனார். வீட்டுக்காரர் துரைக்குப் பாராட்டுக் கடிதம் எழுதிவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். எழுதியிருந்தார், நிஜம்தான். அதைப் படித்த பிறகு மதராஸ் ஆள் அடுப்படிக் கணக்குகளில் எல்லாம் கடைசி வரியாகக் கண்ணாடி இரண்டு என்று போட ஆரம்பித்துவிட்டார். அவர் அதற்குக் காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் நடைபாதையில் ஐந்தடி தள்ளி நின்றேன். கண்ணாடி என்னை இன்னும் ஓரடிகூட முன்னால் கொண்டுவந்துவிடவில்லை. நாடாவைத் தரையில் வைத்தேன். சொல்வதற்கு முன்பே அவள் வந்து எடுத்தாள். எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள். வட்டமான, தடித்த கண்ணாடி. அதற்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. என்னையே பார்த்தாள்.

"நீங்க இவ்வளவு சின்னவளா டீச்சர்? குரலைக் கேட்டு ஐம்பது வயசு இருக்கும்னு நினைச்சிண்டிருந்தேன்."

"என் குரல் என் அம்மா குரல். நீ போய் அளந்து சொல்லு" என்றேன்.

அவள் உலக்கையை உருட்டி வளையத்தின்மேல் வைத்தாள். நாடாவை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, சுவரில் ஒட்டிப் பிடித்து, ஒரே பார்வை பார்த்தாள்.

"பதினேழு அடி. மூணு அங்குலம். அப்புறம் ரெண்டு சின்னக் கோடு."

அந்த இரண்டு கோட்டை நான் அவளிடம் கேட்கவே இல்லை. எழுதிக்கொள்ளக் குனிந்தேன். பையில் கையை விட்டுச் சிவப்புப் பென்சிலைத் தேடினேன். அது துரையின் மேஜை இழுப்பறையில் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சாதாரண டைப்பிஸ்ட் பென்சிலால் பதினேழு என்று எழுதினேன். எழுதிய எண் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"டீச்சர், அழறேளா?"

"சேச்சே. உங்க அடுப்புப் புகை. கண்ணைக் கரிக்குது" என்றேன்.

அவள் திரும்பி, நூறு வாட் வெளிச்சத்தில் அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடுப்பு இன்னும் மூட்டவே இல்லையே, டீச்சர்" என்றாள்.